சோதனையில் தேறிய காருக்கு சர்வீஸ் வேண்டாமா?

“பத்து வருஷம் தாண்டிய கார் ஆண்டுச் சோதனையில் தேறிவிட்டால், அடுத்த சோதனை வரை சர்வீஸ் தேவையில்லை” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. நம்பி ஏமாறாதீர்கள்.

சிங்கப்பூரில் 10 வயதைக் கடந்த காருக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை உண்டு. பிரேக், டயர், விளக்கு, புகை என்று பார்ப்பார்கள். அன்றைக்கு அது சாலையில் ஓடத் தகுதியானதா என்பதுதான் கேள்வி. எஞ்சின் ஆயில் எவ்வளவு பழசு, எஞ்சினின் பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதெல்லாம் அதில் வராது.

பெல்ட் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு அறுவதில்லை. பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். அப்புறம் எஞ்சினே போய்விடும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் நாளாக நாளாகத் துருவைத் தடுக்கும் தன்மையை இழக்கும். எஞ்சின் நன்றாக ஆறியபின் கூலன்ட் மூடியைத் திறந்து பாருங்கள். என் காரில் அது தேத்தண்ணி நிறத்தில் கலங்கிக் கிடந்தது, சோதனையில் தேறி இரண்டே மாதத்தில்!

எதை எப்போது மாற்றுவது என்பது காரின் கையேட்டிலேயே இருக்கிறது. தினமும் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் நின்று நின்று போகிறவர்கள், கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்குத் தனி அட்டவணை இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.