அசையாமல் இருந்தால் பழகிவிட்டது என்று அர்த்தமில்லை

இகுவானா என்ற பெரிய பல்லியின் குட்டியைத் தோளில் உட்காரவைத்து எடுக்கும் வீடியோக்கள் இப்போது நிறைய கண்ணில் படுகின்றன. விரல் நீளத்தில் உடம்பு, அதைவிட இரண்டு மடங்கு வால், பச்சைப் பசேலென்ற நிறம். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடக்கும். "எவ்வளவு பாசமா ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க" என்று கீழே வரிசையாக இதயம் போடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. பிடித்த கையில் இருக்கும்போது இகுவானா கண்ணை மூடுவது பெரும்பாலும் பாசத்தால் அல்ல. தப்பிக்க வழியில்லை, எதிரில் இருப்பதைப் பார்க்காமலாவது இருக்கலாம் என்றுதான் மூடிக்கொள்கிறது. வளர்க்கிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு.

எங்கள் தெருவில் ஒரு தம்பி ஆசைப்பட்டு ஒரு குட்டி வாங்கினான். வந்த புதிதில் அது பரம சாது. எடுத்தால் எடுத்த இடத்தில் இருக்கும், கீழே வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். எனக்குக் கொண்டுவந்து காட்டினான். பின்னங்கால் தொடை இரண்டும் கொழுகொழுவென்று இருந்தன. "நல்லா சாப்பிடுதுண்ணா, அதான் சதை போட்டிருக்கு" என்றான். கீழ்த்தாடையை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன், ரப்பர் மாதிரி வளைந்தது. அது சதையே இல்லை. கால்சியம் போதாமல் எலும்பு இளகி, அதை ஈடுகட்ட உடம்பு காட்டும் வீக்கம். ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே அனுப்பினேன். மருந்து, யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கு, சரியான கீரை எல்லாம் ஆரம்பித்துச் சில வாரம் கழித்து முகம் வாடி வந்தான். "முன்னாடி எவ்ளோ சாதுவா இருந்துச்சு. இப்போ கூண்டுகிட்ட போனாலே வாலால அடிக்குதுண்ணா. கெட்டுப்போச்சு."

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அது கெட்டுப்போகவில்லை, தெம்பு வந்திருக்கிறது. ஓடவும் அடிக்கவும் தெம்பில்லாமல் கிடந்ததைத்தான் அவன் இத்தனை நாள் சாது என்று நினைத்திருந்தான். ஆரோக்கியமான இகுவானா குட்டி புது மனிதரைக் கண்டால் ஓடும். ஓட முடியாவிட்டால் பக்கவாட்டில் உடம்பை உப்பிக்கொண்டு, தாடைக்குக் கீழே தொங்கும் தோலை விரித்து, வாலைச் சுழற்றும். அதுதான் சரியான குட்டி. கடையில் வாங்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: கையில் எடுத்ததும் துவண்டு கிடப்பதை வாங்காதீர்கள்.

சரி, இப்படிப் பயந்து ஓடுவதை எப்படிப் பழக்குவது? அதன் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதி வழி தெரிந்துவிடும். இகுவானா மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காக் காடுகளில் ஆற்றோர மரங்களில் வாழ்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த நிமிடத்திலிருந்து குட்டிக்கு எமன் மேலிருந்து வருகிறான், பருந்தாக. அதன் தலை உச்சியில், இரண்டு கண்களுக்கும் நடுவே சற்றுப் பின்தள்ளி, வெளிறிய வட்டமாக ஒரு செதில் இருக்கும். உற்றுப் பார்த்தால் தெரியும். அது உச்சிக்கண். உருவத்தைப் பார்க்காது, வெளிச்சம் குறைவதையும் நிழல் விழுவதையும் உணரும். இப்போது நாம் என்ன செய்கிறோம்? மேல்பக்கம் திறக்கிற கண்ணாடித் தொட்டியில் போட்டு, அதைத் தரையில் வைத்து, மேலிருந்து கையை விட்டு முதுகைப் பிடித்துத் தூக்குகிறோம். பருந்து செய்வதும் அதேதான். தினமும் அப்படித் தூக்கினால் பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. பழகாது. சோர்ந்து போய் அடங்கும், அவ்வளவுதான்.

ஆகவே கூண்டை முதலில் உயரத்தில் வையுங்கள். குட்டி உட்காரும் கிளை நம் முகத்துக்கு நேராகவோ கொஞ்சம் மேலேயோ இருக்கட்டும். கதவு முன்பக்கம் திறக்க வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் சாப்பாடு, தண்ணீர், சுத்தம் தவிர வேறு எதற்கும் கையை உள்ளே விடாதீர்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். வாய்விட்டே படிக்கலாம், உங்கள் குரல் அதற்குப் பழகும். நேருக்கு நேர் முறைத்துப் பார்க்க வேண்டாம், இரை தேடும் மிருகம்தான் அப்படிப் பார்க்கும்.

அப்புறம்தான் கை. அதையும் தொடுவதற்காக நீட்டக் கூடாது. கூண்டுக்குள் கீழ்மட்டத்தில் கையைச் சும்மா வைத்திருங்கள், விரலிடுக்கில் ஒரு செம்பருத்திப் பூ இருக்கட்டும். சிவப்புச் செம்பருத்தி என்றால் இகுவானாவுக்கு உயிர். முதலில் எதுவும் நடக்காது. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பூவைப் பார்க்கும், பிறகு உங்கள் கட்டை விரலைப் பார்க்கும், மறுபடி பூ. என்றோ ஒரு நாள் ஓரடி முன்னால் வந்து தடித்த இளஞ்சிவப்பு நாக்கை நீட்டி உங்கள் விரலைத் தொடும். ஈரம் பட்டதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு லேசான தொடல். நாக்கால்தான் அது மணத்தை அறிகிறது, நீங்கள் யார் என்று குறித்துக்கொள்கிறது. அந்த நேரம் கையை அசைக்காமல் இருக்க முடிந்தால் நீங்கள் இகுவானா வளர்க்கத் தகுதியானவர். இதற்கு வாரங்கள் ஆகலாம், சில குட்டிகளுக்கு மாதக் கணக்கில்கூட ஆகும். அவசரப்படுகிறவர்கள் வேறு பிராணி பார்ப்பது நல்லது.

தூக்கும்போது கீழிருந்து வயிற்றுக்கும் நான்கு காலுக்கும் கை கொடுங்கள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு அதுவே நடந்து ஏறட்டும். வாலைப் பிடிக்கவே கூடாது, அறுந்து கையோடு வந்துவிடும். குட்டிக்கு மறுபடி வளரும்தான், ஆனால் பழைய வாலாக வளராது. உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு, நிறமும் கருத்திருக்கும். திமிறுகிற அந்த நொடியில் கீழே விட்டால், திமிறினால் விட்டுவிடுவார்கள் என்று படித்துக்கொள்ளும். பிடியை இறுக்காமல் தாங்கிக்கொண்டிருந்து, ஒரு மூச்சு அடங்கியதும் கூண்டில் விடுங்கள். தினமும் கொஞ்ச நேரம், ஏறக்குறைய ஒரே வேளையில் செய்தால் போதும்.

இவ்வளவும் உடம்பு நன்றாக இருந்தால்தான். நம் ஊரில் சாகிற குட்டிகளில் பெரும்பாலானவை வெளிச்சம் இல்லாமல் சாகின்றன என்பது நான் பார்த்தவரையில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம். சென்னையில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன், நன்றாக வெயில் படுகிறது என்பார்கள். இகுவானாவுக்குத் தேவையான புற ஊதாக் கதிரை, அந்த யுவிபி-யை, ஜன்னல் கண்ணாடி கிட்டத்தட்ட முழுதாகவே தடுத்துவிடும். உள்ளே வருவது வெளிச்சமும் சூடும் மட்டும். யுவிபி இல்லாமல் தோலில் வைட்டமின் டி உருவாகாது, அது இல்லாமல் தின்ற கால்சியம் எலும்பில் சேராது. அந்தத் தம்பியின் குட்டிக்கு நடந்தது அதுதான்.

விளக்கு வாங்கினால் யுவிபி குழல் விளக்காகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண சூடு பல்பை நீலநிறப் பெட்டியில் போட்டு யுவிபி என்று விற்கிறார்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் அதிலிருந்து வரும் யுவிபி குறைந்துவிடும், மாற்ற வேண்டும். வெயில் காயும் கிளையில் 35 முதல் 38 டிகிரி சூடு வேண்டும், கூண்டின் மறுகோடி 27 டிகிரி அளவில் இருக்கட்டும். எங்கே உட்காருவது என்பதை அது தீர்மானிக்கும். ஏசி ஓடும் படுக்கையறை இதற்கு ஆகவே ஆகாது. உடம்பு சூடாகாவிட்டால் தின்றது செரிக்காது. சூடாகும் கல் என்று ஒன்று விற்கிறார்கள், வயிறு வெந்துபோகும், வேண்டாம்.

ஆனால் எந்த விளக்கும் நேர் வெயிலுக்கு ஈடாகாது, அது நமக்குச் சும்மா கிடைக்கிறது. மொட்டைமாடியில் கம்பிவலைக் கூண்டில் காலை வெயிலில் வையுங்கள், பாதிக் கூண்டுக்கு நிழல் இருக்கட்டும், பக்கத்திலேயே இருங்கள். காக்கை விடாது. கண்ணாடித் தொட்டியோடு மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள், சில நிமிடங்களில் உள்ளே அடுப்பாகிவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர் வளம் வெளிநாட்டில் வளர்க்கிறவர்களுக்குக் கிடைக்காதது. முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, மல்பெரி இலை மூன்றும் தெருவிலேயே கிடைக்கும். அவற்றோடு துருவிய பூசணி, நறுக்கிய பீன்ஸ், எப்போதாவது கொஞ்சம் பப்பாளி. பாலக் தினமும் வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். முட்டைக்கோஸும் தினமும் வேண்டாம், எப்போதாவது போதும். குட்டிக்குப் புழு, முட்டை, நாய் பிஸ்கட் கொடுங்கள், சீக்கிரம் வளரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இகுவானா பிறந்த நாளிலிருந்தே இலை தின்னி. இறைச்சிப் புரதம் கொடுத்தால் கொஞ்ச காலம் வேகமாக வளரும், பின்னால் சிறுநீரகம் போய்விடும். காட்டில் குட்டிகள் பெரிய இகுவானாக்களின் சாணத்தைத் தின்னும், இலையைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களை அப்படித்தான் குடலுக்குள் சேர்த்துக்கொள்கின்றன. இலை தின்பதற்காகவே அந்த உடம்பு எவ்வளவு பாடுபடுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

அடிக்கடி தும்மி, கூண்டுக் கம்பியில் வெள்ளையாகப் பொடி படிந்தால் பயப்படாதீர்கள், சளி இல்லை. உடம்பில் மிஞ்சிய உப்பை மூக்கு வழியாகத் தள்ளுகிறது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இகுவானா வேண்டாம் என்பதே என் கருத்து.

வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இடத்தைப் பற்றித்தான். உள்ளங்கையில் அடங்கும் இந்தக் குட்டி மூன்று நான்கு வருடத்தில் உங்கள் கை நீளத்தைத் தாண்டிவிடும். முழுதாக வளர்ந்த ஆண் வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும். நிமிர்ந்து நடமாட ஆள் உயரக் கூண்டு வேண்டும். நன்றாகப் பழகிய ஆணே இனச்சேர்க்கைப் பருவத்தில் வளர்த்தவரைக் கடிக்க வரும், அந்தப் பல் ரம்பம். இரண்டு அறை வாடகை வீட்டில், நாளை எந்த ஊருக்கு மாற்றல் என்று தெரியாமல் இருக்கும்போது, தயவுசெய்து வாங்காதீர்கள்.

வாங்கிவிட்டு வளர்க்க முடியாமல் போனவர்கள் செய்யும் ஒரு காரியம்தான் எனக்குப் பெரிய பயம். ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இப்படி விட்டதும் தப்பியதுமாகப் பெருகித்தான் கால்வாய்க் கரைகளைக் குடைந்து நாசம் செய்கின்றன. 2021இல் அங்கே தடை செய்யப்பட்ட இனப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். போர்ட்டோ ரிக்கோவிலும் தைவானின் தென்பகுதியிலும் இதே தொல்லை. ஃபுளோரிடாவிலாவது சில குளிர்காலத்தில் விறைத்துப் போய் மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழும். நம் சமவெளியில் அந்தக் குளிரும் கிடையாது. ஒரு பெண் ஒரே ஈட்டில் 20 முதல் 70 முட்டை வரை இடும். நம் ஏரிக்கரை தாங்காது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இகுவானா, அருகிவரும் உயிரினங்களை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கும் உயிரினம். 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024இல் வந்த விதிகளும் இப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கைமாறினாலும், குட்டி பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டாத கடையில் வாங்காதீர்கள். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்து வந்த குட்டிகள் நம் விமான நிலையத்தில் பிடிபடும் செய்தியைப் படித்திருப்பீர்கள், பிடிபடாதவை எங்கே போகின்றன என்று யோசியுங்கள். இகுவானா கிடைக்கவில்லை என்று உடும்புக் குட்டியைப் பிடித்து வளர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். உடும்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்திருந்தாலே சிறை.

ஏற்கெனவே குட்டி வைத்திருப்பவர்கள் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்கும்போது ஒரு படமும் போடுங்கள். தோளில் வைத்த படம் வேண்டாம். கூண்டுக்குள், அதன் கிளையில் இருக்கும்போது, கீழ்த்தாடையும் பின்னங்கால்களும் தெரியும்படி பக்கவாட்டில் எடுத்த படம் போதும். கூடவே என்ன விளக்கு, எப்போது வாங்கியது என்று எழுதுங்கள்.