உனக்கு எதுக்கு பாப்பா இந்த வார்த்தையெல்லாம்?

ஞாயிற்றுக்கிழமை நம் நூலகத்தில் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பொறுத்தேன். முடியவில்லை.

வந்திருந்த பெரியவர் பலகையில் இருந்த பத்து அரிய ஆங்கிலச் சொற்களைப் பார்த்துவிட்டு அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டார்: "உனக்கு எதுக்கு பாப்பா இந்த வார்த்தையெல்லாம்? ஓசூர் கம்பெனியில இதையா கேக்கப் போறான்?" எல்லோரும் சிரித்தார்கள். நம் ஆட்களும்தான். பத்துச் சொல்லையும் தன் கையால் எழுதியவள், டஸ்டரை எடுத்துத் தானே அழித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

எதுக்கு என்று கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன்.

அந்தப் பத்தும் ஓ, பி (ob) என்ற இரண்டு எழுத்தில் தொடங்குபவை. லத்தீனில் 'ஆப்' என்றால் எதிரே, குறுக்கே, நோக்கி என்றெல்லாம் பொருள் வரும். அது பிடிபட்டால் பாதிச் சொல் தானே திறந்துகொள்ளும். ஆப்டியூரேட்: 'டூரஸ்' என்றால் கடினம், எவ்வளவு கெஞ்சினாலும் இளகாத மனசு. ஆப்ஃபஸ்கேட்: 'ஃபஸ்கஸ்' என்றால் இருண்டது, விஷயம் புரியாதபடி இருட்டாக்கிப் பேசுவது. ஆப்லக்வி: ஊரே சேர்ந்து ஒருவரைப் பழித்துப் பேசுவது. ஆப்சீக்வியஸ் இருக்கிறதே, அது ஒரு காலத்தில் சொன்னபடி நடக்கும் பணிவானவரைக் குறித்த நல்ல சொல். இன்று கூழைக்கும்பிடு போடுகிறவரைக் குறிக்கிறது. இதைச் சொன்னதும் அவள், "நம்ம நாற்றம் மாதிரியாண்ணா? அதுவும் முன்னாடி வாசனைதானே?" என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே கேட்டாள். ஓபோ என்ற குழலின் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் அது பிரெஞ்சிலிருந்து வந்தது, இந்தக் குடும்பமே இல்லை என்று பிரித்து வைத்ததும் அவள்தான்.

இந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் 'உனக்கு எதுக்கு' என்றீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. கல்லூரிக்கு வெளியூர் போனேன். முதல் மாதம் ஒரு ஆசிரியர் கேள்வி கேட்டார், நான் விழித்தேன். "டோன்ட் பி ஸோ ஆப்டியூஸ்" என்றார். எனக்கு அந்தச் சொல் தெரியும். விரிகோணம், தொண்ணூறு டிகிரிக்கு மேல், நூற்றெண்பதுக்குள். ஏதோ கணக்கு சொல்கிறார் என்று நினைத்து, "எஸ் சார்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். வகுப்பே சிரித்தது. அடித்து அடித்து மழுங்கிப்போனது என்பதுதான் அந்தச் சொல்லின் வேர் என்றும், என்னை மந்தபுத்தி என்றார் என்றும் விடுதிக்குப் போய் அகராதி பார்த்துத்தான் தெரிந்தது. என்னைத் திட்டியதே எனக்குப் புரியவில்லை. அந்த இரவு நான் சாப்பிடவில்லை. அப்பா மாங்காய் மண்டியில் மூட்டை தூக்கி அனுப்பிய பணத்தில் வாங்கிய மெஸ் டோக்கன் பையிலேயே கிடந்தது.

அந்தச் சொல் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதுக்குத்தான்.

'எளிய ஆங்கிலம் போதுமே' என்பார்கள். சரி, பேச அது போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போட்டித் தேர்வில் கேட்கிறானே, தீர்ப்பில் எழுதுகிறானே, அதை யார் படிப்பது?

'முதலில் தமிழ் ஒழுங்காகத் தெரியட்டும்' என்று இன்னொருவர் சொன்னார். தமிழை என்னிடம் தூக்கிக் காட்டாதீர்கள். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று தொல்காப்பியமே பிரித்தது. எல்லோருக்கும் எளிதில் விளங்காத சொல்லுக்குத் திரிசொல் என்று தனி இடம் கொடுத்த மொழி இது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் செய்யுளில் சொற்பொருள் சொல்லும் நிகண்டைப் பாடம் செய்தார்கள். முதல் எழுத்தை வைத்துச் சொற்களை வரிசைப்படுத்திய அகராதி நிகண்டு 1594-இலேயே வந்துவிட்டது. ஒரே எழுத்தில் தொடங்கும் அரிய சொற்களைச் சேர்த்துப் படிப்பது நமக்குப் புதிதா? இந்தப் பிள்ளை வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், அத்தை வீட்டுக்குப் போனால் கன்னடம் பேசுகிறாள். கிருஷ்ணகிரியில் இது அதிசயமே இல்லை. நான்காவது மொழிக்கு வரும்போது மட்டும் ஏன் கையைத் தட்டிவிடுகிறீர்கள்?

ஓசூர், ஓசூர் என்கிறீர்கள். அந்த ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி ஆங்கிலத்தில் மகாபாரதம் எழுதினார். அவர் வீட்டில் படிப்பு இருந்தது, இவள் வீட்டில் இல்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு வருகிறாள். கம்பெனி வேலையை நான் குறைத்துப் பேசவில்லை, என் தங்கையே அங்கேதான் ஷிப்ட் போகிறாள். இவள் அங்கே மட்டும்தான் போவாள் என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? அவள் சட்டையைப் பார்த்தா, ஊர்ப் பெயரைக் கேட்டா?

பெரியவர் வேண்டுமென்று சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னார் என்கிறார்கள். இருக்கலாம். டஸ்டரை எடுத்தது அவள் கைதானே.

நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். இனி வரமாட்டாளோ என்ற பயம். வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, ஒபேயும் ஓ, பி-தானே? அதுவும் அந்தக் குடும்பமா?" என்றாள். செல்போனில் தேடிப் பார்த்தோம். ஆமாம், அதே 'ஆப்'தான். கூட இருப்பது 'ஆடியோ'வில் வரும் அதே வேர், காதால் கேட்பது.

"நம்ம வீட்லயும் சொன்ன பேச்சு கேளுன்னுதானே சொல்றாங்க" என்றாள்.