சோற்றுக்குப் பதிலா காய், அவ்வளவுதானாம்!

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்காரர் ஹாலில் உட்கார்ந்து நண்பரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமே இல்லடா, ரொம்ப சிம்பிள். சோத்துக்குப் பதிலா காய், அவ்வளவுதான்."

அந்த நேரத்தில் நான் அடுப்படியில், உதிர்த்த காலிஃபிளவரை வெள்ளைத் துணியில் கட்டி, வேட்டியைப் பிழிகிற மாதிரி முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் தண்ணீர் ஒழுகுகிறது. அந்த 'அவ்வளவுதான்' காதில் விழுந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. இன்னும் அணையவில்லை.

சர்க்கரைக்காக அவர் இருக்கிற, சோறு, பருப்பு, இனிப்பு எதுவும் இல்லாத பேலியோ டயட்டைக் குறை சொல்ல வரவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய மூன்று மாத சராசரி சர்க்கரை 8.4. இப்போது 6.6. எடையும் ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது. சந்தோஷம். பத்து வருஷம் கழித்தும் அவர் என்னோடு சண்டை போட இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் பேலியோ அவருக்கு, பேய் வேலை எனக்கு.

காலிஃபிளவர் சாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் 'ஐந்தே நிமிடத்தில்' என்று போட்டிருப்பார்கள். திறந்தால் கண்ணாடிக் கிண்ணத்தில் பூ ஏற்கெனவே பூப்பூவாக உதிர்த்து வைத்திருக்கும். அதை யார் நறுக்கினார்கள், யார் கழுவினார்கள்? வீடியோ எடுக்கிறவரின் மாமியாரா?

நான் சொல்கிறேன் கேளுங்கள். முதல் உழவர் சந்தை 1999-ல் திறந்த மதுரைக்காரி நான். அண்ணா நகர் சந்தையில் ஆறு மணிக்கே போய் நிற்பேன். மார்கழி, தை என்றால் பூ கல்லு மாதிரி, வெள்ளையாக, மலிவாகக் கிடைக்கும். இது குளிருக்கு விளைகிற காய். சித்திரையில் கேட்டால் மஞ்சள் பூத்து, விரிந்து, விலையும் ஏறிப்போய் உட்கார்ந்திருக்கும். இவருக்கு அதெல்லாம் தெரியாது. பன்னிரண்டு மாதமும் தட்டில் வெள்ளையாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து இலையையும் தண்டையும் கழித்தால் முக்கால் கிலோ பூ அரைக் கிலோ ஆகிவிடும். வெந்நீரில் மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டு மூழ்க வைத்தால் பச்சைப் புழு இரண்டு மிதந்து வரும். இரண்டு வந்தால் மூன்றாவது எங்கே என்று நான் ஒவ்வொரு பூவாகப் பிரித்துத் தேட வேண்டும். அப்புறம் துணியில் பரப்பி ஈரம் போகக் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு மிக்ஸியில் போட்டால் சாதம் வராது, சட்னிதான் வரும். காய்ந்த பிறகும் ஒரேயடியாக ஓட்டக்கூடாது, விட்டு விட்டுத் திருப்ப வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடிதான். அதற்கப்புறம் பிழிதல். அகலமான இரும்புச் சட்டியில், பெரிய தீயில், மூடி போடாமல், உப்பைக் கடைசியில் போட்டுப் புரட்ட வேண்டும். உப்பை முன்னால் போட்டாலோ, மூடி வைத்தாலோ, அத்தனை உழைப்பும் கஞ்சி. இதற்குள் வீடு பூராவும் ஒரு வாடை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற சின்னவன் மூக்கைப் பொத்திக்கொண்டு "அம்மா, இன்னைக்கும் வெள்ளைச் சாதமா?" என்கிறான்.

இத்தனையும் முடித்துத் தட்டில் வைத்தால் வருகிற விமர்சனம்: "கொஞ்சம் கொழகொழன்னு இருக்கோ?"

நம் சமையலில் காய் என்றால் தொட்டுக்கொள்ள. நாலு பேர் வீட்டுக்குக் கால் கிலோ பீன்ஸ் பொரியல் போதும், குழம்பும் ரசமும் சோறும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இப்போது ஒருத்தருக்கு ஒரு வேளைக்கு அரைக் கிலோ. நாலு கட்டு அரைக்கீரையை ஆய்ந்து, அலசி, கடைந்தால் ஒரு கிண்ணம். சுரைக்காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். அதாவது நான் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கி, பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து, சட்டியில் ஆவியாக்கிக்கொண்டிருக்கிறேன். அரைக் கிலோ காலிஃபிளவரை முழுசாகச் சாப்பிட்டாலும் 125 கலோரிதான். வெறும் காயாகப் போட்டால் பதினோரு மணிக்கே பசி என்று ஃப்ரிட்ஜைத் திறந்துகொண்டு நிற்பார். அதனால் நெய், தேங்காய், பனீர், முட்டை. புரட்டாசி வந்தால் எங்கள் வீட்டில் முட்டையும் கிடையாது. அந்த ஒரு மாதம் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்தது சொந்தக்காரர்கள். போன மாதம் ஒரு கிரகப்பிரவேசம். "அண்ணனுக்குன்னு தனியா வச்சிருக்கோம், சோறே கிடையாது, எல்லாம் காய்தான்" என்று பெருமையாக இலையைப் போட்டார்கள். உருளைக்கிழங்கு ரோஸ்ட், வாழைக்காய் வறுவல், சேனை மசியல், மைதாவிலும் சோளமாவிலும் முக்கிப் பொரித்த கோபி 65! என்னத்தைச் சொல்ல? நூறு கிராம் வெந்த சோற்றில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம். வாழைக்காயில் கிட்டத்தட்ட 30. மரவள்ளிக்கிழங்கில் 38. காய்கறிக் கடையில் விற்கிறது என்பதற்காக அது காய் ஆகிவிடுமா? கத்தரிக்காய், வெண்டைக்காய், புடலை, பீர்க்கை, கோஸ், கோவைக்காய், கீரை என்று நான் சொன்னால், "அதெல்லாம் விருந்துக்கு வைக்கிற காயாம்மா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

வீட்டுக்குள் அத்தை. நல்ல மனுஷி, கோபப்படவும் முடியாது. "குழம்பு தண்ணியா இருந்துச்சேன்னு ஒரு கரண்டி அரிசி மாவு கரைச்சு ஊத்தினேன்ம்மா." பாகற்காய் கசக்கிறதே என்று நான் குளிக்கப் போன நேரத்தில் வெல்லம் கிள்ளிப் போட்டிருக்கிறார். கூட்டு என்றால் பாசிப்பருப்பு இல்லாமல் செய்யவே கை வராது. நானும் எத்தனை தடவை சொல்வது? இப்போது சட்டிக்குக் காவல் இருக்கிறேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் பதினொன்றரைக்கு ஆபீஸிலிருந்து போன், கை நடுங்குகிறது, வேர்க்கிறது என்று. சோற்றை நிறுத்தியவர் மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சர்க்கரை தாழ்ந்துவிட்டது. அளவைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சோற்றைக் குறைக்கிறவர்கள் மாத்திரை, இன்சுலின் அளவை டாக்டரிடம் கேட்காமல் இருக்காதீர்கள். சரி, அது வேறு கதை.

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், பாராட்டில்தான். அதே கிரகப்பிரவேசத்தில் ஒரு பொண்ணு, "எப்படி மாமா இவ்வளவு கன்ட்ரோலா இருக்கீங்க?" என்று வியந்து போய்க் கேட்டாள். இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "மனசு வச்சா முடியும்மா" என்றார். மனசு இவர் வைத்தாராம்! அடுப்பில் சட்டியை வைத்தது யார்? பிள்ளைகளுக்கும் அத்தைக்கும் எனக்கும் சோறு, குழம்பு ஒரு பக்கம், இவருக்கு இன்னொரு பக்கம் என்று எட்டு மாதமாக இரண்டு சமையல். என் விரல் நுனியில் கத்தி வெட்டிய தழும்பு மூன்று, மஞ்சள் கறை நகத்தில் நிரந்தரம். "உன் கைக்கு என்னம்மா ஆச்சு?" என்று அந்தப் பொண்ணு கேட்கவில்லை.

இன்றைக்கு மாலை ஆபீஸிலிருந்து வரும்போதே ஒரு காலிஃபிளவர் வாங்கிக்கொண்டு வந்தார். தானே தேர்ந்தெடுத்தாராம், பெருமை வேறு. "நாளைக்கு இதுல பிரியாணி மாதிரி ட்ரை பண்ணலாமா? ரொம்ப சிம்பிள், வீடியோ அனுப்புறேன்."

பண்ணலாமே என்றேன். அரிவாள்மனை சிங்க்குக்குக் கீழே இருக்கிறது. மஞ்சள்தூள் அஞ்சறைப் பெட்டியில் நடுவில். வெள்ளைத் துணி கொடியில் காய்கிறது. நான் காலையில் ஏழரை மணிக்குத்தான் எழுந்திருக்கப் போகிறேன்.