வட்டிக்குக் கட்டம் போடாத அட்டவணை

எந்த கிரெடிட் கார்டு சிறந்தது என்று ஒப்பிட்டு ஒருவர் இணையத்தில் போட்ட அட்டவணையின் கீழ் நான் கேட்ட ஒரே கேள்விக்கு வந்த பதிலைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், முழுக் கதைக்கும் இப்போது பொறுமை இல்லை. லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வறை), வெல்கம் போனஸ், செலவில் கொஞ்சம் திருப்பித் தரும் கேஷ்பேக், ஹோட்டல் தள்ளுபடி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம், பச்சை மஞ்சள் சிவப்பு வண்ணம் வேறு. உழைப்பு தெரிந்தது, மறுக்கவில்லை. ‘வட்டிக்கும் ஒரு கட்டம் சேர்க்கலாமே’ என்றேன். ‘பில் கட்ட வக்கில்லாதவங்களுக்கு கார்டு எதுக்கு ப்ரோ’ என்று பதில். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள், அதில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் சிலர்.

கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான். ஆனால் விஷயம் அதுவல்ல.

விஷயம் இதுதான். வட்டி, தாமதக் கட்டணம், பணம் எடுத்தால் பிடிக்கும் கட்டணம், வெளிநாட்டுப் பணத்தில் செலவழித்தால் மேலே போடும் மார்க்கப் என்ற கூடுதல் கட்டணம் இவை எதுவும் இல்லாமல் கார்டுகளை ஒப்பிட்டால் அதற்குப் பெயர் ஒப்பீடு இல்லை, விளம்பரம். வாடகையைச் சொல்லாமல் வீட்டின் ஜன்னல்களை மட்டும் எண்ணிக் காட்டுகிற மாதிரி. அந்த அட்டவணையின் அடியில் ‘இந்த லிங்க் வழியா அப்ளை பண்ணுங்க’ என்று ஒரு வரி இருந்ததே, கவனித்தீர்களா? அப்படி லிங்க் வழியாகப் போய்க் கார்டு கிடைத்தால் லிங்க் போட்டவருக்கு ஒரு தொகை போவது இந்தத் தொழிலில் சாதாரண நடைமுறை. அது தப்பே இல்லை. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

‘நாங்க மாசாமாசம் முழுசா கட்டிடுவோம், வட்டி எத்தனையா இருந்தா எங்களுக்கு என்ன?’ இதுதான் பெரிய எதிர்வாதம். நியாயமான வாதமும்கூட. முழுத்தொகையையும் கெடு தேதிக்குள் கட்டுகிறவருக்கு வட்டி விகிதம் பொருட்டே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களுக்காகவாவது கணக்கு சரியாகப் போடப்பட்டதா? ஒவ்வொரு 150 ரூபாய் செலவுக்கும் வங்கி பரிசாகத் தருவது 2 பாயிண்ட், ஒரு பாயிண்டின் மதிப்பு 0.25 ரூபாய் என்றால் கையில் கிடைப்பது மூன்றில் ஒரு சதவீதம். 149க்கு வாங்கினால், 150 நிறையவில்லை என்று பல கார்டுகளில் அதுவும் இல்லை. அட்டவணையில் அது ‘டபுள் பாயிண்ட்ஸ்’ என்று பச்சை நிறத்தில் மின்னுகிறது. பத்து மடங்கு பாயிண்ட் என்று போட்டிருந்த கார்டுக்கு மாத வரம்பு உண்டா, வாடகைக்கும் காப்பீட்டுக்கும் பாயிண்ட் உண்டா, இல்லையா? அதைப் பற்றி அட்டவணையில் ஒரு வார்த்தை இல்லை. பாயிண்டின் மதிப்பை அறிவிப்புக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்ளும் உரிமையை வங்கி ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கும். இன்று சேர்த்து வைப்பது நாளைக்கு அதே மதிப்பில் இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

ஆண்டுக் கட்டணமும் அப்படித்தான். கட்டணமே இல்லாத கார்டு 1 சதவீதம் திருப்பித் தருகிறது, 2,000 கட்டணம் உள்ள கார்டு 2 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2,00,000 செலவழித்தால் இரண்டும் சமம். அதற்குக் கீழே செலவழிக்கிறவருக்கு ‘சாதாரண’ கார்டுதான் லாபம். ஆக, எது சிறந்த கார்டு என்பதை அட்டவணை போட்டவர் முடிவு செய்ய முடியாது. வங்கி அனுப்பும் கணக்கு விவரம், உங்களுடைய ஓராண்டு ஸ்டேட்மென்டுதான் சொல்லும். ஆனால் அதைப் படிக்கச் சொன்னால் யாருக்கும் லைக் விழாது.

‘எல்லா வங்கியிலும் வட்டி ஏறக்குறைய ஒன்றுதானே, அதை எதற்கு ஒப்பிடுவது’ என்று ஒருவர் பொறுமையாகவே எழுதியிருந்தார். இருக்கலாம். எல்லாம் ஒன்று என்றால் அந்த ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? என்ன தடுக்கிறது?

இப்போது ‘வக்கில்லாதவர்’ யார் என்று சொல்கிறேன். என் சித்தப்பா. வாழ்நாள் முழுக்க ஒரு பில்லையும் தாமதமாகக் கட்டாத மனிதர். பாக்கி என்றாலே அவருக்குத் தூக்கம் வராது. சித்திக்கு அறுவை சிகிச்சை நடந்த மாதம், மருத்துவமனைச் செலவு முழுவதும் கார்டில் போயிற்று. கெடு தேதிக்குள் பத்தில் ஒன்பது பங்கைக் கட்டிவிட்டார். மீதி ஒரு பங்குக்குத்தானே வட்டி, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். அடுத்த ஸ்டேட்மென்டை என்னிடம் நீட்டி, ‘இது தப்பா வந்திருக்குப்பா, பாரு’ என்றார்.

தப்பாக வரவில்லை. பில்லை முழுதாகக் கட்டவில்லை என்றால் வட்டியில்லாச் சலுகைக் காலம் ரத்து. பல வங்கிகளில், கட்டிய ஒன்பது பங்குக்கும் வாங்கிய நாளிலிருந்து கட்டிய நாள்வரை வட்டி உண்டு. அது போதாதென்று அந்த மாதம் வாங்கிய மருந்து மாத்திரைக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி. ஸ்டேட்மென்டின் முதல் பக்கத்தில், நடுவில், கொட்டை எழுத்தில் இருந்தது என்ன தெரியுமா? மினிமம் டியூ, அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை. அதை மட்டும் கட்டினால் போதும் என்கிற மாதிரி ஒரு தோரணை. வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது கடைசிப் பக்கத்தில், சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தும் படிக்க முடியாத எழுத்தில்.

மினிமம் டியூ பற்றியும் ஒரு கணக்கு. மாதம் 3.5 சதவீத வட்டி, மாதாமாதம் நிலுவையில் 5 சதவீதம் மட்டும் கட்டுகிறீர்கள், புதிதாக எதுவும் வாங்கவில்லை. 100 கடன் என்றால் ஓராண்டில் ஏறக்குறைய 57 கட்டியிருப்பீர்கள். கடன் குறைந்திருப்பது 18தான். மாதம் 3.5 என்பது கேட்கச் சின்ன எண். கூட்டு வட்டியாகப் போட்டால் ஆண்டுக்கு 51 சதவீதத்தைத் தாண்டும். 1 சதவீதம் கேஷ்பேக் தரும் கார்டில் ஒரு மாத வட்டி விழுந்தால், அதே அளவு செலவில் மூன்றரை மாதம் சேர்த்த கேஷ்பேக் காலி. இந்த எண்ணுக்குத்தான் ஒரு கட்டம் கேட்டேன். நகையையா கேட்டேன்?

‘பொறாமையில் பேசுகிறார்’ என்றும் ஒருவர். ஆமாம், அந்த லவுஞ்ச் சாண்ட்விச் மேல் எனக்குத் தீராத பொறாமை. அடுத்து.

‘பாயிண்ட் என்பது வங்கி கொடுப்பது, யார் வீட்டுப் பணமும் இல்லை’ என்றார்கள். இது எனக்கு உண்மையிலேயே எரிச்சல். கடைக்காரர் ஒவ்வொரு கார்டு பரிவர்த்தனைக்கும் கட்டணம் கட்டுகிறார், அதை விலையில் ஏற்றுகிறார், அந்த விலையை ரொக்கம் கொடுப்பவரும் கொடுக்கிறார். அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார அறிஞர்கள் 2010-ல் அமெரிக்கக் குடும்பங்களுக்கு இதைக் கணக்குப் போட்டார்கள். ரொக்கத்தில் வாங்கும் குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலர் இழக்கிறது, கார்டில் வாங்கும் குடும்பத்துக்கு 1,133 டாலர் கிடைக்கிறது என்றது அந்த ஆய்வு. ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல், தனிநபர் கிரெடிட் கார்டு பரிவர்த்தனைக்குக் கடைக்காரரின் வங்கி கார்டு கொடுத்த வங்கிக்குத் தரும் கட்டணம் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டது. பாயிண்டுக்குக் காசு தரும் அந்த வருமானம் குறைந்தால் பாயிண்டுகளும் மெலியும். ஆகாயத்திலிருந்து கொட்டுவதில்லை. கொஞ்சம் கடைக்காரரிடமிருந்து, கொஞ்சம் ரொக்கக்காரரிடமிருந்து, கொஞ்சம் சித்தப்பா மாதிரி ஒரு மாதம் தடுமாறியவர்களிடமிருந்து வருகிறது. அந்தப் பணத்தில் லவுஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவர்களைப் பார்த்தே வக்கில்லாதவர் என்கிறீர்கள். நன்றாக இருக்கிறது.

‘அப்போ நீங்க கார்டே வச்சுக்கலையா’ என்று கேட்பார்கள், தெரியும். வைத்திருக்கிறேன். ஆண்டுக் கட்டணம் இல்லாத ஒன்று, முழுத்தொகையும் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி அமைத்தது. சித்தப்பா தன்னுடையதை மூடச் சொல்லிவிட்டார். மூடுகிறேன் என்று சொன்ன பிறகுதான் ‘ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம் சார், ஆயிரக்கணக்கில் பாயிண்ட் தருகிறோம் சார்’ என்று தொலைபேசி மேல் தொலைபேசி. வட்டியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அவர் கேட்டபோது யாரும் அப்படி சார் போடவில்லை.

இதற்குமேலும் என்னை நட்புப் பட்டியலிலிருந்து நீக்கப்போவதாகச் சொன்னவர்கள் தாராளமாக நீக்கலாம். வருத்தம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அதில் இருவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். போவதற்கு முன், உங்கள் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் எந்த நாளிலிருந்து வட்டி என்று பார்த்து எழுதிவிட்டுப் போங்கள். யாருக்காவது உதவும்.