அடித்தவுடன் திரையைப் பார்க்காதீர்கள்

பந்தின் வேகத்தையும் திசையையும் அளந்து திரையில் காட்டும் லாஞ்ச் மானிட்டர்களில் எது நல்லது, மணிக்கட்டில் மாட்டும் சென்சார் வாங்கலாமா, நடுவில் கீல் வைத்த பயிற்சி கிளப் (பந்தடிக்கும் மட்டை) உண்மையிலேயே பலன் தருமா என்று கோல்ஃப் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். ஆனால் கருவி பதில் சொல்வதற்கு முன்னால் நீங்கள் உங்கள் பதிலைச் சொல்லிவிடுங்கள். இதில் நான் பிடிவாதக்காரன்.

காரணம் இதுதான். மேலே போன கிளப் கீழே இறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் விநாடி ஆகிறது. பந்தும், அதில் படும் பரப்பான கிளப் முகமும் ஒட்டியிருப்பது சுமார் அரை மில்லி விநாடி. அதற்குள் எந்தக் கருவி கத்தினாலும் அதைக் கேட்டுக் கையைத் திருத்த யாராலும் முடியாது. ஆக, ‘உடனடி’ என்று விற்கப்படும் தகவல் எல்லாம் முடிந்துபோன ஸ்விங்கை, அதாவது வீச்சைப் பற்றியது. அடுத்த ஸ்விங்குக்கு அது உதவ வேண்டுமானால், இப்போது அடித்தது உடம்பில் எப்படி இருந்தது என்ற நினைவோடு அது சேர வேண்டும். அந்த நினைவு தங்குவதற்கே நாம் இடம் கொடுப்பதில்லை.

பந்தடித்துப் பழகும் ரேஞ்சில் போய்ப் பாருங்கள். பந்து இன்னும் காற்றில் இருக்கும். அடித்தவர் தலை திரைப் பக்கம் திரும்பியிருக்கும். கிளப் பாத் (கிளப் போன பாதை), ஃபேஸ் ஆங்கிள் (கிளப் முகம் பார்த்த திசை), ஸ்பின் (பந்தின் சுழற்சி), ஸ்மாஷ் ஃபேக்டர் (பந்தின் வேகத்துக்கும் கிளப்பின் வேகத்துக்கும் உள்ள விகிதம்) என்று வரிசையாக எண்கள். பந்து எங்கே விழுந்தது என்று கேட்டால் மறுபடியும் திரையைப் பார்த்துத்தான் சொல்கிறார். கணக்கைப் போடாமலே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை பார்க்கும் மாணவனுக்குப் பரீட்சையில் என்ன நடக்குமோ, அதுதான் இவருக்கு மைதானத்தில் நடக்கும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. உடல் இயக்கங்களை எப்படிக் கற்கிறோம் என்று ஆராய்பவர்களில் சல்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் 1984-லேயே இதை எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவைச் சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சி நேரத்தில் ஆட்டம் நன்றாகத் தெரியும்; சொல்வதை நிறுத்தியதும் சரியும். 1990-ல் வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் செய்த சோதனையில், பாதி முயற்சிகளுக்கு மட்டும் முடிவு தெரிந்தவர்கள் பிற்பாடு நடந்த தேர்வில் மேலாகச் செய்தார்கள். அது கையால் ஒரு நெம்புகோலை நகர்த்தும் சோதனை, கோல்ஃப் அல்ல. இருந்தாலும் ரேஞ்சில் நான் பார்ப்பதற்கு அப்படியே பொருந்துகிறது.

கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டென்மார்க்கின் ட்ராக்மேன் போன்ற ரேடார்கள் வந்த பிறகுதான் பலர் மனதிலிருந்த ஒரு பெரிய தவறு போனது. கிளப் போகும் பாதையில்தான் பந்து கிளம்பும் என்று நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையில் பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது கிளப் முகம். பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. வலதுகை ஆட்டக்காரர், பந்து வலப்பக்கம் வளைந்து போகும் ஸ்லைஸுக்குப் பயந்து இன்னும் இடப்பக்கம் வெட்டி அடித்தால் ஸ்லைஸ் ஏன் மோசமாகிறது என்பது இதில் விளங்கிவிடும்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கருவிக்கு பேட்டரியே கிடையாது. பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை டிரைவர் என்ற நெடுந்தூர கிளப்பின் முகத்தில் லேசாகத் தெளித்து ஒரு பந்து அடியுங்கள். வெள்ளைப் பூச்சில் பந்தின் குழிகள்கூடத் தெரியும்படி வட்டமாகத் தடம் விழும். தடம் குதிகால் பக்கம், அதாவது கிளப்பின் தண்டை ஒட்டி விழுந்திருந்தால், பாதை நேராக இருந்தாலும் பந்து வலப்பக்கம் வளையும். இது தெரியாமல் பாதையை மட்டும் சரிசெய்து மாதக்கணக்கில் மல்லாடுபவர்கள் இருக்கிறார்கள். முக்கியமாக, கிளப்பைத் திருப்பிப் பார்த்தால்தான் இந்தத் தடம் தெரியும். அந்த இடைவெளியில் “கொஞ்சம் குதிகாலில் பட்டிருக்கும்” என்று நீங்களே சொல்லிவிடலாம். கிளப் உரசிய இடத்தில் நிறம் மாறும் பாய்களும் இதே ரகம்; அயர்ன் வகை கிளப் பந்துக்கு முன்னால் தரையைத் தொட்டதா, பின்னால் தொட்டதா என்று ஒளிக்காமல் காட்டும்.

கீல் கிளப் அவசரப்பட்டு இழுத்தால் மடங்கும். தப்பு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. வேகத்தின் சீருக்கு மட்டும் நல்லது.

மணிக்கட்டு சென்சாரில்தான் எனக்குத் தயக்கம். பீப் சத்தம் வந்தால் கவனம் முழுக்க மணிக்கட்டுக்குப் போய்விடுகிறது. உடல் இயக்க ஆராய்ச்சியாளர் கப்ரியேலே வுல்ஃப் குழுவினர் 1999-ல் புதியவர்களைப் பிட்ச் ஷாட் (பந்தை உயர்த்திக் குறுகிய தூரத்தில் விழவைக்கும் அடி) அடிக்க வைத்துப் பார்த்தார்கள். கைகளைக் கவனித்தவர்களைவிட கிளப்பின் வீச்சைக் கவனித்தவர்களே துல்லியமாக அடித்தார்கள். பக்கத்தில் பயிற்சியாளர் இருந்து, குறிப்பிட்ட ஒரு கோளாறுக்காக என்றால் மாட்டிக்கொள்ளுங்கள்.

போட்டியில் இவை எதுவும் கூட வராது. கோல்ஃப் விதி 4.3 ஸ்விங் பயிற்சிக் கருவிகளைச் சுற்றின்போது தடை செய்கிறது. 2010-ல், அப்போதிருந்த விதிப்படி, அமெரிக்கத் தொழில்முறை வீராங்கனை ஜூலி இங்க்ஸ்டர், காத்திருந்த நேரத்தில் கிளப்பில் எடை வளையம் மாட்டி வீசிப் பார்த்ததற்காகவே தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அங்கே உங்களிடம் இருப்பது உங்கள் உணர்வு மட்டும்தான்.

அதனால் அடித்துவிட்டு அப்படியே நில்லுங்கள். பந்து விழும்வரை பாருங்கள். கிளப்பில் எங்கே பட்டது, கிளப் முகம் வெளிப்பக்கம் திறந்திருந்ததா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு திரையைப் பாருங்கள், அதுவும் ஒரே ஒரு எண்ணை. உங்கள் ஊகம் எண்ணோடு ஒத்துப்போகத் தொடங்கியதும் சில பந்துகளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இன்றுதான் கிளப் பிடிக்கிறவருக்கு இது பொருந்தாது. அவருக்கு அடிக்கடி சொல்லத்தான் வேண்டும்.

கருவி செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எண்ணை உடனே காட்டாமல், முதலில் என் ஊகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் காட்டும் ஒரு பட்டனை வையுங்கள். கூடுதலாகக் காசு கேட்டாலும் கொடுத்து வாங்குவேன்.