எலிவேட்டர் என்றால் எல்லாமே மின்தூக்கியா?

ஆங்கிலத்தில் எலிவேட்டர் என்று கண்டதும் "மின்தூக்கி" என்று போட்டுவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டினால் வேலை முடிந்ததா?

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலும் பதுளையிலும் ஆள் ஏறுகிற பெட்டியை எலிவேட்டர் என்று சொல்வார் உண்டா? அது லிப்ட். வெள்ளைக்காரன் விட்டுப்போன பிரித்தானியச் சொல். லொறிக்காரரிடம் லிப்ட் கேட்பதும் அதே சொல்தான், அதனால் யாரும் குழம்பியதில்லை. எலிவேட்டர் என்பது தேயிலைப் பெக்டரிக்கு இயந்திரக் கையேட்டோடு வந்த சொல். அங்கே அது பக்கெட் எலிவேட்டர், ஆள் ஏறுகிற சாமானே இல்லை.

மேலே ஒரு உருளை, கீழே ஒரு உருளை, இரண்டையும் சுற்றி ஓடும் பெல்ட் அல்லது சங்கிலி, அதில் போல்ட் போட்டு இறுக்கிய வாளிகள். அடிப்பெட்டியில் விழுகிற தேயிலைத் தூளை வாளி அள்ளிப்போய் உச்சியில் கவிழ்க்கும். வாளி அள்ளுவதைவிட அதிகமாகக் கொட்டினால் அடிப்பெட்டி அடைக்கும், பெல்ட் வழுக்கிச் சூடேறும். கரண்ட் போனால் இன்னும் மோசம். ஏறுகிற பக்கத்து வாளிகள் நிறைந்திருக்க, இறங்குகிற பக்கம் காலியாக இருக்கும். பின்னோட்டத்தைத் தடுக்கும் பூட்டு வேலை செய்யாவிட்டால் அத்தனை பாரமும் பின்பக்கம் சுழன்று அடியில் குவியும்.

அதனால் முதலில் தூள் வருவதை நிறுத்த வேண்டும். வாளிகள் காலியாகும்வரை ஓடவிட்டு, பிறகுதான் மோட்டாரை நிறுத்த வேண்டும். அடைப்பு எடுப்பவர் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வாளி பின்னால் ஓடாதபடி தடுத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். இதைச் சொல்லி பெக்டரிச் சுவரில் ஒட்டும் அறிவித்தலில் "மின்தூக்கி" என்று எழுதினால், கொழுந்தை வாட்டும் மாடிக்கு ஏற்றுகிற இயந்திரத்தைச் சொல்வதாகத்தானே ஆட்கள் நினைப்பார்கள்? கை போனபிறகு சொல்லைத் திருத்தி யாருக்கு என்ன?

விமானத்தின் எலிவேட்டர் வாலில் கிடையாக இருக்கிற அசையும் தகடு. விமானி பிடியைத் தன் பக்கம் இழுத்தால் தகட்டின் பின்விளிம்பு மேலே எழும், வால் கீழே அமுங்கும், மூக்கு நிமிரும். இதையும் மின்தூக்கி என்று படித்தால் பிள்ளைக்கு என்ன விளங்கும்? பல் வைத்தியரின் எலிவேட்டரோ குறடு போடுமுன் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் நுழைத்துப் பல்லை நெகிழ்த்துகிற கருவி. அமெரிக்காவிலும் கனடாவிலும் தானியம் ஏற்றிச் சேமிக்கும் முழுக் கட்டடத்துக்கே அந்தப் பெயர். 1842 இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஜோசப் டார்ட் கட்டிய தானியக் கட்டடத்தில் நீராவியால் ஓடியதும் வாளிகள் கோத்த பெல்ட்தான்.

ஆள் ஏறுகிற பெட்டிக்குக்கூட அந்த "மின்" பிற்பாடு வந்ததுதான். 1857 இல் நியூயோர்க் கடையொன்றில் ஓட்டிஸ் நிறுவனம் பொருத்திய லிப்ட் நீராவியில் ஓடியது. ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் மின்சார லிப்டைக் காட்டியது 1880 இல்.

லத்தீன் மூலத்தில் இருப்பது உயர்த்துதல் மட்டும். எதை, எதனால் உயர்த்துகிறது என்பதை எழுதுகிறவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விமானத்துக்கு உயர்த்தி என்று எழுதுங்கள். பல்லுக்குப் பல் நெம்பி என்று எழுதுங்கள். பெக்டரிச் சுவரில் பக்கெட் எலிவேட்டர் என்றே தமிழில் எழுதிவிடுங்கள், அதை ஓட்டுகிற தொழிலாளிக்கு அந்தப் பெயர் தெரியும்.