உலகக்கோப்பையை நடத்தினோம், பையன்களுக்கு ஆட்டம் எங்கே?

நவம்பர் 30, 2025 அன்று அகமதாபாத்தில் நம் 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி ஈரானை 2-1 என்று வென்றது. அதற்கு முன் பாலஸ்தீனத்தோடு டிரா, சீன தைபேயோடு வெற்றி, லெபனானிடம் 0-2 தோல்வி. குரூப்பில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டும்தான் 2026இன் 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பைக்கு இடம் என்பதால் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தே ஆகவேண்டிய நிலை. ஈரான் முதலில் கோல் போட்டது. இடைவேளைக்குச் சற்று முன் தல்லால்முவோன் காங்தே பெனால்டியில் சமன் செய்தான், இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் குன்லெய்பா இரண்டாவதை அடித்தான். மீதி நேரம் முழுக்கப் பையன்கள் உயிரைக் கொடுத்துத் தடுத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அன்றிரவே நண்பர்கள் சிலர் "2017 மாதிரி இன்னொரு உலகக்கோப்பையை இந்தியாவில் நடத்தணும், அப்போதான் கால்பந்து வளரும்" என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இதில் எனக்கு உடன்பாடு இல்லை. போட்டி நடத்துவதில் நாம் எந்தக் குறையும் வைக்கவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை இங்கே நடந்த 2017 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். டெல்லி, நவி மும்பை, கொச்சி, மர்காவ், குவாஹாட்டி, கொல்கத்தா என்று ஆறு ஊர்கள். 24 அணிகள், 52 ஆட்டங்கள், 183 கோல்கள். மொத்தம் 13 லட்சத்து 47 ஆயிரம் பேர் மைதானத்துக்கு வந்து பார்த்தார்கள். அதுவரை சாதனையாக இருந்த, 1985இல் சீனாவில் நடந்த முதல் போட்டியின் கூட்டத்தையே அது தாண்டியது. கொச்சியில் பிரேசில்–ஸ்பெயின் ஆட்டத்தை நான் கேலரியில் இருந்து பார்த்தேன். எங்கே பார்த்தாலும் மஞ்சள் சட்டை. பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஃபெர்ரான் டோரஸ் என்ற பையன் ஸ்பெயினுக்கு ஆடுகிறான் என்பதே அன்று எங்கள் வரிசையில் யாருக்கும் தெரியாது. கொல்கத்தாவில் இறுதி ஆட்டத்துக்கு 66,684 பேர். அதில் ஆடியவர்கள் இங்கிலாந்தும் ஸ்பெயினும், அதுவும் பதினேழு வயதுப் பையன்கள். இதற்குமேல் ஒரு நாட்டு ரசிகர்களிடம் என்ன கேட்பது? நம் ஊர் மக்களுக்குக் கால்பந்தில் ஆர்வம் இல்லை என்று இனி யாரும் சொல்லவேண்டாம்.

அந்த இறுதி ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கிய இங்கிலாந்து 5-2 என்று வென்றது. ஃபில் ஃபோடன் இரண்டு கோல் அடித்தான், மார்க் கெய்ஹி ஒன்று. அந்தப் பையன்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் நாம் உட்கார்ந்து படிக்கவேண்டிய பாடம். ஃபோடன் சிறு வயதிலிருந்தே மான்செஸ்டர் சிட்டி அகாடமியில் வளர்ந்தவன், கெய்ஹி செல்சீயில். அங்கே கிளப் அகாடமிகள் ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்தே பையன்களைச் சேர்க்கின்றன. ஒவ்வொரு சீசனும் வாரத்துக்கு வாரம் ஆட்டம் உண்டு. 2012இல் அகாடமிகளுக்கான விதிகளை மொத்தமாகத் திருத்தி எழுதினார்கள், அதே ஆண்டு செயின்ட் ஜார்ஜ்ஸ் பார்க்கில் தேசியப் பயிற்சி மையத்தைத் திறந்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 2017 ஜூனில் 20 வயதுக்குட்பட்டோர் கோப்பையும் அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் கோப்பையும் அவர்கள் கையில். அவர்களிலும் எல்லோரும் தேறிவிடவில்லை. இங்கே எட்டு கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய ரியான் ப்ரூஸ்டர் பிறகு ஷெஃபீல்டு யுனைடெட் போய், 2020-21 பிரீமியர் லீக் சீசனில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஜெர்மனியின் பெரிய நம்பிக்கையாக இங்கே வந்த யான்-ஃபீட்டே ஆர்ப்பும் எதிர்பார்த்த உயரத்தைத் தொடவில்லை. அதனால் அந்த நாடுகளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒருவன் தேறாவிட்டால் பின்னால் நூறு பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் அணி வந்த வழி வேறு. போட்டியை நடத்தும் உரிமை கிடைத்ததால் இடம் தானாகக் கிடைத்தது. அந்த இடத்துக்கு ஒரு அணி வேண்டும். நாடு முழுக்கத் தேடிப் பையன்களைப் பொறுக்கி எடுத்து, வருடக்கணக்கில் ஒன்றாகத் தங்கவைத்து, வெளிநாடுகளுக்கு அழைத்துப்போய் ஆடவைத்தார்கள். பாதி வழியில் ஜெர்மன் கோச் நிகோலாய் ஆடம் போய், போர்ச்சுக்கல்காரர் லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் வந்தார். அந்தப் பையன்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கொலம்பியாவோடு 82ஆவது நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் எடுக்க, ஜீக்சன் சிங் எகிறித் தலையால் முட்டி உள்ளே போட்டானே, ஃபிஃபா உலகக்கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அதுதான். அடுத்த நிமிடமே கொலம்பியா திருப்பி அடித்து 2-1 என்று ஜெயித்தது. அமெரிக்காவிடம் 0-3, கானாவிடம் 0-4. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, அத்தோடு நம் உலகக்கோப்பை முடிந்தது.

அப்புறம் நடந்ததைத்தான் யாரும் பேசுவதில்லை. அந்தப் பையன்களை மையமாக வைத்து இந்தியன் ஏரோஸ் என்ற அணியை மறுபடி உருவாக்கி, 2017-18 ஐ-லீக் என்ற தேசிய கிளப் லீக்கில் பெரியவர்களோடு ஆடவிட்டார்கள். ஒரு முழு சீசன், உள்ளூரிலும் வெளியூரிலும் தொடர்ந்து ஆட்டங்கள். அந்த உலகக்கோப்பை அணியின் 21 பேரில் ஜீக்சன், சுரேஷ் வாங்ஜம், அபுயா, அன்வர் அலி, ரஹீம் அலி எல்லோரும் சீனியர் இந்திய அணிக்கு ஆடிவிட்டார்கள். உலகக்கோப்பையில் ஆடிய அந்த மூன்று ஆட்டத்தைவிட அதற்குப் பிறகு வருடாவருடம் கிடைத்த லீக் ஆட்டங்கள்தான் அவர்களை ஆட்டக்காரர்கள் ஆக்கின என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த ஏரோஸ் அணியையும் 2022இல் கலைத்துவிட்டார்கள்.

அதே 2022இல் பெண்கள் 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையும் இங்கேதான் நடந்தது. நிர்வாகச் சண்டையால் ஆகஸ்டில் ஃபிஃபா நம் கால்பந்து சம்மேளனத்தையே தடை செய்து, பிறகு அந்தத் தடையை நீக்கியது. அக்டோபரில் போட்டி. அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. அந்தப் பிள்ளைகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. வருடம் முழுக்க ஆடி வந்தவர்களுக்கு எதிராக, முகாமில் மட்டும் தயாரானவர்களை நிறுத்தினோம்.

2018இல் நடந்ததையும் சொல்லவேண்டும். மலேசியாவில் ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியின் காலிறுதியில் தென்கொரியாவிடம் 0-1 என்று தோற்றோம். அன்று ஜெயித்திருந்தால் 2019 உலகக்கோப்பைக்குச் சொந்தத் தகுதியில் போயிருப்போம். போட்டியை நடத்திப் பெற்ற 2017 வாய்ப்பைவிட எனக்கு அந்த 0-1 பெருமையாக இருக்கிறது. அன்று கோச் பிபியானோ ஃபெர்னாண்டஸ், இப்போது ஈரானை வென்றபோதும் அவரேதான்.

சரி, இனி நம் ஊருக்கு வருகிறேன். 2017 அணியின் 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள். 2011 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தின் மக்கள்தொகை முப்பது லட்சத்துக்கும் குறைவு. ஏழு கோடிக்கு மேல் உள்ள தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை. நம்மிடம் பையன்கள் இல்லையா? சென்னை வியாசர்பாடிக்குப் போய்ப் பாருங்கள். குமரி மாவட்டத்தில் தூத்தூர், இரவிபுத்தன்துறை கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். மாலையானால் மணலில் பந்து உருளாத இடம் இல்லை. இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) ஆடிய மைக்கேல் சூசைராஜ் அந்தக் கரையிலிருந்து வந்தவர்தான்.

அந்தப் பையன்களுக்கு வருடத்தில் எத்தனை ஆட்டம் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பையனுக்குக் குறுவட்டப் போட்டி, அப்புறம் மாவட்டம், அப்புறம் மாநிலம். எல்லாம் நாக்-அவுட். எட்டுப் பள்ளி கலந்துகொண்டால் முதல் சுற்றிலேயே நான்கு பள்ளிக்கு அந்த வருடம் முடிந்துவிடும். ஒரே ஒரு ஆட்டம். இரண்டு மூன்று நாளில் மொத்தம் ஏழு ஆட்டத்தில் சாம்பியன் யார் என்று தெரிந்துவிடும். அதே எட்டுப் பள்ளிகள் ஒருவரோடு ஒருவர் இரண்டு முறை மோதும் லீக் வைத்தால் 56 ஆட்டம். கடைசி இடத்தில் நிற்கும் பள்ளியின் கோல்கீப்பருக்கும் 14 ஆட்டம். முதல் ஆட்டத்தில் கோட்டைவிட்டவன் அடுத்த சனிக்கிழமை திருத்திக்கொள்ளலாம். ஒரே நாளில் தேங்காய் வாங்குகிற மாதிரி பையன்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, தேறினவன் தேறாதவன் என்று பிரிக்கவேண்டிய அவசியமே இல்லை.

இந்த நாக்-அவுட் முறையோடு இன்னொரு நோயும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு நாளில் ஜெயித்தால் சர்டிபிகேட், சர்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று இருக்கும்போது, வயது கூடின பையனைக் குறைந்த வயதுப் பிரிவில் இறக்கும் ஆசை வரத்தான் செய்யும். உலக அளவிலும் இது உண்டு, அதனால்தான் 17 வயதுப் போட்டிகளில் வயதைக் கணிக்க மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறார்கள். சின்னப் பையனின் இடத்தில் பெரியவன் ஆடினால் அன்றைக்குக் கோப்பை கிடைக்கும், அந்தச் சின்னப் பையன் ஆட்டத்தையே விட்டுப் போய்விடுவான். அவனை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அடுத்தது பரீட்சை. 17 வயதுக்குட்பட்டோர் என்றால் நம் ஊரில் சரியாகப் பத்தாவது, பிளஸ் ஒன், பிளஸ் டூ வயது. உலகம் பையன்களை மைதானத்தில் முழுசாக இறக்கும் வயதில் நாம் ஸ்பெஷல் கிளாஸுக்கு அனுப்புகிறோம். பெற்றோரைக் குறை சொல்லமாட்டேன். வருடத்துக்கு ஒரு ஆட்டம் ஆடும் பிள்ளையை எந்த நம்பிக்கையில் விடுவார்கள்? வாரம் ஒரு ஆட்டம் என்று கால அட்டவணை கையில் இருந்தால், சனிக்கிழமை காலை மட்டும் அவனுடையது என்று வீட்டிலும் பேசி ஒப்புக்கொள்ள முடியும்.

2017இல் 'மிஷன் இலெவன் மில்லியன்' என்று ஒரு திட்டம் போட்டு, 1 கோடியே 10 லட்சம் பிள்ளைகளிடம் கால்பந்தைக் கொண்டுசேர்ப்போம் என்றார்கள். பந்து கொடுப்பது நல்லதுதான். பந்து கையில் வந்த பிள்ளைக்கு மறுவாரம் யாரோடு ஆட்டம் என்று சொல்ல ஆள் வேண்டாமா?

இப்போது 17 வயது உலகக்கோப்பை 48 அணிகளோடு ஆண்டுதோறும் நடக்கிறது. 2025இல் கத்தாரில் போர்ச்சுக்கல் ஆஸ்திரியாவை 1-0 என்று வென்று கோப்பையை எடுத்தது. ஆசியாவுக்கும் இடம் கூடியிருக்கிறது. சொந்தக் காலில் போகும் வாய்ப்பு முன்பைவிட இன்று பெரிது. அதனால் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இன்னொரு போட்டியை நடத்தச் செலவழிக்க நினைக்கும் பணத்தில், மாவட்டத்துக்கு ஒரு லீக் தொடங்குங்கள். 13, 15, 17 என்று மூன்று வயதுப் பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும். ஜூலையில் ஆரம்பித்து ஜனவரிக்குள் முடித்தால் பொதுத்தேர்வுக்கும் இடைஞ்சல் இல்லை. நடுவருக்குப் படி, பிள்ளைகளுக்கு பஸ் காசு, ஆட்டம் முடிந்து ஒரு சாப்பாடு. புது ஸ்டேடியம் எதுவும் கேட்கவில்லை. இருக்கும் பள்ளி மைதானங்களைச் சனிக்கிழமை திறந்துவிட்டால் போதும்.

இந்தப் பதிவைப் படிக்கும் பி.டி. ஆசிரியர்கள், கோச்சுகள் யாராவது இருந்தால் ஒரு தகவல் மட்டும் எழுதுங்கள்: இந்தக் கல்வியாண்டில் உங்கள் பள்ளி அணி மொத்தம் எத்தனை ஆட்டம் ஆடியது? மாவட்டவாரியாகத் தொகுத்து விளையாட்டுத் துறைக்கு மனுவாக அனுப்ப நான் தயார்.